மறுபடி கேட்கலாமா?

மலேசியாவின் செகிஞ்சானில், ரெடாங் கடற்கரையில் ஒரு மரம். அதில் பச்சையைவிடச் சிவப்புதான் கண்ணில் படும். காசு கட்டிய சிவப்பு நாடாவில் வேண்டுதலை எழுதி மேலே வீசுகிறார்கள். கிளையில் மாட்டினால் பலிக்குமாம்; கீழே விழுந்தால் பொறுக்கி இன்னொரு முறை வீசலாம். கோல சிலாங்கூரிலிருந்து வேன் பிடித்து வரும் நம் தமிழ் ஆட்களும் வீசுகிறார்கள். மாட்டும்வரை வீசினால் மாட்டாமல் எங்கே போகும்?

குறி கேட்பதில் சீனர்களின் பழைய முறை இவ்வளவு தாராளமானதல்ல. ஈ-சிங் என்ற குறிநூலிடம் கேட்க ஷி செடியின் காய்ந்த தண்டுகள் 50 வேண்டும். ஒன்றை ஒதுக்கிவிட்டு 49-ஐ மனம்போல இரண்டாகப் பிரிக்க வேண்டும். நான்கு நான்காகக் கழித்து, மிச்சத்தை விரலிடுக்கில் செருக வேண்டும். ஒரு கோட்டுக்கு இப்படி மூன்று தடவை. ஆறு கோடு சேர்ந்தால்தான் 64 குறிகளில் ஒன்று கிடைக்கும். 12ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற அறிஞர் இதை ஒழுங்குபடுத்தி எழுதியபோதே, மூன்று நாணயங்களை ஆறு முறை உருட்டும் வழி புழக்கத்தில் இருந்தது.

நாணயம் வெறும் சுருக்குவழி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோடும் யின் அல்லது யாங்; சில சமயம் ஒன்று மற்றதாகப் புரளும். யின் கோடு யாங்காகப் புரளும் வாய்ப்பு தண்டில் 16-இல் 1. யாங் யின்னாகப் புரள 16-இல் 3. நாணயத்தில் இரண்டுக்குமே 16-இல் 2. நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள் கணக்கையும் மாற்றிவிட்டார்கள்.

அதற்காக மெதுவாகச் செய்வதுதான் புனிதம் என்று என்னால் சொல்ல முடியாது. மெதுவாகச் செய்ய வசதியும் வேண்டும். தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. கன்று காய்க்கும்வரை துரைமார் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுகிற தோட்டத் தொழிலாளிக்கு 49 தண்டு எண்ண ஏது நேரம்?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மறுபடி கேட்க என்ன செலவாகிறது? தண்டு முறையில் அரை மணி நேரம் போய்விடும். இரண்டாம் முறைக்குக் கையும் மனமும் வராது. ஈ-சிங்கின் நான்காம் குறியே, திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பவனுக்குப் பதில் கிடையாது என்கிறது. சீனக் கோயிலில் மூங்கில் குவளையைக் குலுக்கிக் குச்சி எடுப்பது வேகமான முறைதான். ஆனாலும் விழுந்த குச்சி சரிதானா என்று பிறைவடிவ மரத்துண்டு இரண்டைப் போட்டுக் கேட்பார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது வளைந்த பக்கமும் காட்டினால்தான் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வேகத்துக்குள்ளேயே ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். குறி சொல்லும் கைப்பேசிச் செயலியில் அதுவும் இல்லை. பிடிக்காத குறி வந்தால் இன்னொரு தட்டு.

நம்மிடமும் ஒரு வேகமான முறை உண்டு. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பாட்டி பூக்கட்டிப் பார்ப்பார். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் ஒரே தாளின் துண்டுகளில், ஒரே அளவில். சிவப்பென்றால் சரி, வெள்ளையென்றால் வேண்டாம் என்று அம்மன் காதில் விழும்படி முதலிலேயே சொல்லிவிடுவார். எடுப்பது என் வேலை. முழுசாக ஐந்து நிமிடம் ஆகாது. அப்பா கிள்ளானுக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்ட அன்று என் கையில் வெள்ளை வந்தது.

"அத்தை, இன்னொரு தடவ போட்டுப் பாப்பமா?" என்றார் அம்மா.

"ஏன், சாமிய கோர்ட்டுல நிறுத்திக் குறுக்கு விசாரண பண்ணப் போறியா?"

அப்பா அந்த ஆண்டு போகவில்லை. மறு ஆண்டு தீபாவளி முடிந்ததும், பூவும் கட்டாமல் பாட்டியையும் கேட்காமல், பெட்டியோடு பஸ் ஏறினார். வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தது பாட்டிதான்.