யோப்பாவின் மேல்தளத்தில்

மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் யோப்பா என்ற பழமையான துறைமுகம் ஒன்று உண்டு. இன்று அது இஸ்ரேலின் டெல் அவிவ் மாநகரத்தோடு இணைந்துவிட்டது. விவிலியத்தில் இந்த ஊர் இருவருடைய வாழ்க்கையோடு சிறப்பாகத் தொடர்புபடுத்தப்படுகிறது. முதலாமவர் யோனா. அசீரியர்களின் பெருநகரமான நினிவேக்குச் சென்று அங்குள்ள மக்களை எச்சரிக்கும்படி அவருக்கு இறைவனின் கட்டளை வந்தது. நினிவே இருந்தது கிழக்கே. யோனாவோ யோப்பாவுக்கு வந்து, தர்ஷீசுக்குச் செல்லும் கப்பலில் கூலி கொடுத்து ஏறிக்கொண்டார். பயத்தால் அவர் ஓடினார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அந்நியர்கள் மனம் திருந்தினால் இறைவன் அவர்களையும் மன்னித்துவிடுவாரே என்பதுதான் அவருடைய குறை. அந்நூலின் கடைசி அதிகாரத்தில் அவரே இதை வெளிப்படையாகச் சொல்லி இறைவனிடம் கோபித்துக்கொள்கிறார்.

மற்றவர் ஏசுநாதரின் முதன்மைச் சீடரான பேதுரு. பல நூற்றாண்டுகளுக்குப் பின், அதே துறைமுகத்தில், ஏறக்குறைய அதே போன்ற கட்டளை அவருக்கும் வந்தது. 'அப்போஸ்தலர் நடபடிகள்' நூலின் 10, 11ஆம் அதிகாரங்களில் இந்த வரலாறு விரிவாக இடம்பெற்றுள்ளது.

பேதுரு நம் அன்பர்களுக்குப் புதியவர் அல்லர். தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் அறையில் தெய்வத் திருவுருவப் படங்களுக்கிடையே, நீரில் மூழ்கும் பேதுருவை ஏசுநாதர் கைநீட்டிக் காப்பாற்றும் படமும் இருந்தது. அந்தப் படத்தில் உள்ளவர் தம் குருவின் அருகில் இருக்கும்போதே தடுமாறியவர். யோப்பாவில் நாம் காணும் பேதுரு குருவின் மறைவுக்குப் பின் ஒரு சமூகத்தையே தாங்கி நிற்பவர், நோயாளிகளைக் குணப்படுத்துபவர், எல்லோராலும் மதிக்கப்படுபவர். இத்தகைய ஒருவரின் வழியைத் திருப்புவது தடுமாறுகிறவனைத் தூக்கிவிடுவதைக் காட்டிலும் கடினமான செயல்.

யோப்பாவிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் செசரியா இருந்தது. ஏரோது மன்னன் ரோமப் பேரரசரின் பெயரால் கட்டிய நகரம் அது. ரோம ஆளுநரின் இருப்பிடமும் அதுவே. அங்கே கொர்நேலியு என்ற படைத்தலைவர், 'இத்தாலியப் பட்டாளம்' எனப்பட்ட பிரிவில் நூற்றுக்கு அதிபதியாக இருந்தார். யூதர்களின் பார்வையில் அவர் புறவினத்தார்; அவர்களை அடக்கியாண்ட படையின் அதிகாரியும்கூட. ஆயினும் அவர் பக்திமான். ஏழைகளுக்குத் தாராளமாக வழங்குவார். வேளை தவறாமல் பிரார்த்தனை செய்வார். ஒருநாள் பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு தேவதூதர் அவர்முன் தோன்றினார். யோப்பாவில் கடற்கரையோரம் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் தங்கியிருக்கும் பேதுருவை அழைத்துவரச் சொன்னார். கொர்நேலியு உடனே வேலைக்காரர்கள் இருவரையும், பக்தியுள்ள ஒரு போர்வீரனையும் அனுப்பிவைத்தார்.

'தோல் பதனிடும் சீமோன்' என்ற சொற்களை வேகமாகப் படித்துக் கடந்துவிடுவது எளிது. இறந்த விலங்குகளின் தோலை அன்றாடம் கையாளும் அத்தொழிலை அக்காலச் சமூகம் தாழ்வாகவே கருதியது. இதன் பொருளை இந்திய வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில்தான் பேதுரு பல நாட்களாகத் தங்கியிருந்தார். அதாவது, பெரிய கட்டளை வருமுன்பே அவருடைய கால்கள் பாதி வழி வந்துவிட்டன. அறிவு அதன் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் நண்பகல். அந்த மூவரும் ஊரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பேதுரு பிரார்த்தனைக்காக மேல்தளத்திற்கு ஏறினார். பசி வாட்டியது, கீழே உணவு தயாராகிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் அவர் ஒரு பரவச நிலையை அடைந்தார். நான்கு முனைகளும் பிடிக்கப்பட்ட பெரிய துணி ஒன்று வானிலிருந்து இறங்குவதைக் கண்டார். அதில் எல்லா வகையான விலங்குகளும் ஊர்வனவும் பறவைகளும் இருந்தன. கொன்று உண்ணும்படி ஒரு குரல் பணித்தது. பேதுரு மறுத்தார். விலக்கப்பட்ட எதையும் தாம் ஒருபோதும் உண்டதில்லை என்றார். இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று கருதலாகாது என்று குரல் பதிலளித்தது. மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தது.

மறுப்பின் பின்னணி

பேதுருவின் மறுப்பை வெறும் பிடிவாதம் என்று எண்ணிவிடுவது பெரும் தவறாகும். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கஸ் என்ற மன்னன் யூத சமயத்தையே அழித்துவிட முயன்றான். பன்றி இறைச்சியை உண்ண மறுத்து, எலெயாசர் என்ற முதியவரும், ஒரு தாயும் அவளுடைய ஏழு புதல்வர்களும் சித்திரவதைக்கு ஆளாகி மாண்ட வரலாற்றை மக்கபேயர் நூல் கூறுகிறது. இவ்வாறு உயிர் கொடுத்துக் காக்கப்பட்ட விதி அது. உணவு நியமம் என்பது அம்மக்களுக்கு நாவின் விருப்பு வெறுப்பு சம்பந்தப்பட்ட விஷயமன்று. இறைவனோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளம். நம் மரபில் நிஷ்டை என்று எதைப் போற்றுகிறோமோ அதுவே பேதுருவின் வாயில் மறுப்பாக வெளிப்பட்டது. நிஷ்டை இல்லாதவனுக்கு இத்தகைய சோதனையே வராது. எதையும் உண்பவனுக்கு அந்தத் துணி இறங்கிவந்தால் அவன் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் அந்த மறுப்பில் ஒரு முரண்பாடும் இருந்தது. ஆண்டவரே என்று அழைத்துவிட்டு, அதே மூச்சில் முடியாது என்கிறார் பேதுரு. சாதகர் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இறைவன் நேற்றுச் சொன்னதைக் காட்டி, அவர் இன்று சொல்வதைத் தடுக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயமே. கேட்ட குரல் இறைவனுடையதா, அல்லது பசித்த வயிறும் அலைபாயும் மனமும் உண்டாக்கியதா? பேதுருவுக்கும் இந்த ஐயம் இருந்தது. காட்சி மறைந்ததும் அவர் துள்ளி எழுந்து புறப்படவில்லை. அதன் பொருள் என்னவென்று குழம்பி அங்கேயே இருந்தார். அந்த நேரத்தில்தான் வாசலில் அவருடைய பெயரைச் சொல்லி மூவர் விசாரித்தார்கள். தயங்காமல் அவர்களோடு செல்லும்படி உள்ளிருந்து மீண்டும் ஆணை வந்தது. அகத்தில் கேட்டதைப் புறத்தில் நடந்தது உறுதிசெய்தது. தவிர, அந்தக் கட்டளை அவருடைய விருப்பத்திற்கு முற்றிலும் எதிரானது. மனத்தின் கற்பனை பெரும்பாலும் நாம் விரும்புவதையே இறைவனின் பெயரால் சொல்லும். பேதுரு தனியாகவும் போகவில்லை. யோப்பாவிலிருந்து ஆறு சகோதரர்களை உடன் அழைத்துச்சென்றார். நடப்பதை அவர்களும் பார்க்கட்டும், பிறகு கேள்வி எழுந்தால் சாட்சி சொல்லட்டும் என்று. தமக்கு மட்டுமே கிடைத்த அனுபவத்தைப் பிறரின் பரிசோதனைக்கு உட்படுத்த அஞ்சாதவரின் செயல் இது.

அன்றிரவு அவர் வந்தவர்களை வீட்டுக்குள் அழைத்து உபசரித்தார். ரோமப் போர்வீரன் ஒருவன் தோல் பதனிடுபவரின் வீட்டில், யூதர் ஒருவரின் விருந்தினனாக இரவைக் கழித்தான். நூல் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறது. யோனா கப்பல் ஏறிய ஊரில் பேதுரு கதவைத் திறந்தார்.

செசரியாவில் கொர்நேலியு உறவினரையும் நெருங்கிய நண்பர்களையும் கூட்டிவைத்துக் காத்திருந்தார். பேதுருவைக் கண்டதும் காலில் விழுந்து வணங்கினார். பேதுருவோ தாமும் ஒரு மனிதனே என்று சொல்லி அவரைத் தூக்கி நிறுத்தினார். அந்நியரின் வீட்டுக்குள் நுழைவது யூதருக்கு வழக்கமன்று என்பதையும், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று கருதலாகாது என இறைவன் தமக்குக் காட்டியதையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னார். துணியில் கண்டவை விலங்குகள். அவர் புரிந்துகொண்டது மனிதர்களைப் பற்றி. மேல்தளத்தில் விளங்காத காட்சி, இரண்டு நாள் நடந்து ஓர் அந்நியரின் வாசற்படியைத் தாண்டிய பின்பே விளங்கியது.

பின்னர் பேதுரு ஏசுநாதரைப் பற்றிப் பேசலானார். அவர் பேசி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்த அனைவர்மீதும் தூய ஆவி இறங்கியது. ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான் நடந்தது. உடன் வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். முறைப்படி தீட்சை, அதன் பிறகே அருள் என்பது அவர்கள் அறிந்த வரிசை. இறைவன் அந்த வரிசைக்குக் காத்திருக்கவில்லை. அவரை அந்த வீட்டுக்குக் கொண்டுசெல்வதாக நினைத்து வந்தவர்கள், தங்களுக்கு முன்பே அவர் அங்கே வந்துவிட்டிருப்பதைக் கண்டார்கள்.

எருசலேம் திரும்பியபோது பேதுருவுக்குக் காத்திருந்தது விசாரணை. விருத்தசேதனம் இல்லாதவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களோடு உண்டது ஏன் என்பதே குற்றச்சாட்டு. போதித்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை! எந்த நாட்டிலும் பந்திதான் கடைசிக் கோட்டை. பேதுரு தம் பதவியைக் காட்டி அவர்களை அடக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார். இறைவனைத் தடுக்கத் தமக்கு என்ன வலிமை இருக்கிறது என்று முடித்தார். கேட்டவர்கள் அமைதியடைந்து இறைவனைப் போற்றினார்கள்.

அந்தியோகியாவில் நடந்தது

வரலாறு இத்துடன் நின்றிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரம் மற்றொரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளது. அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபாவும்கூட. பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். காட்சி கண்டவர், சாட்சிகளோடு சென்றவர், எருசலேமில் துணிந்து பேசியவர் பின்வாங்கினார். இதற்குப் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அக்கடிதம் கூறவில்லை.

1888இல் சுவாமி விவேகானந்தர் பரிவிராஜகராக விருந்தாவனத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஒருவர் புகை பிடித்துக்கொண்டிருந்தார். சுவாமிஜி தமக்கும் சிலிம் தரும்படி கேட்டார். அவர் பதறிப்போய், தாம் துப்புரவுத் தொழில் செய்யும் வகுப்பைச் சேர்ந்தவர் என்றார். சுவாமிஜி தம்மையறியாமல் திரும்பி நடந்தார். சற்றுத் தூரம் சென்றதும், சாதி, குலம் அனைத்தையும் துறந்து சன்னியாசம் ஏற்றவர் தாம் என்பது நினைவுக்கு வந்தது. உடனே வந்த வழியே திரும்பினார். அம்மனிதர் இன்னும் அங்கேயே அமர்ந்திருந்தார். சுவாமிஜி அவரருகில் உட்கார்ந்து, சிலிமைத் தயார்செய்து தரும்படி கேட்டார். அம்மனிதர் எவ்வளவோ தயங்கினார். சுவாமிஜி விடவில்லை, வாங்கிப் புகைத்துவிட்டே எழுந்தார்.