கேப்டனும் டாக்டரும்

ஜூலை 23 வந்தால் கேப்டன் லட்சுமியின் படம் கைபேசிக்குக் கைபேசி போகிறது. தொப்பி, ராணுவச் சீருடை, நிமிர்ந்த பார்வை. கீழே ‘வீரத்தாய்க்கு வணக்கம்’ என்று ஒரு வரி. 2012இல் அந்த நாளில்தான் கான்பூரில் அவர் இறந்தார், வயது 97.

அந்தச் சீருடையில் அவர் இருந்த காலம் முழுதாக இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில், சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. 1945 மே மாதம் பர்மாவில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 1947இல் அதே ராணுவத்தின் அதிகாரியாக இருந்த பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறியவர், அதற்குப் பின் அறுபது ஆண்டுகளாக அங்கே பிரசவம் பார்த்த டாக்டர். 92 வயதிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறுபதை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் நாம் ஏன் எடுத்துக்கொண்டோம்?

படையைக் குறைத்துப் பேசவில்லை. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழ்ப் பெண்கள் அதில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். இந்திய மண்ணை ஒருநாளும் மிதிக்காதவர்கள் அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி பிடித்தார்கள். சென்னை உயர்நீதிமன்ற வக்கீலின் மகள், 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர், அந்தப் பெண்களோடு அணிவகுத்து நின்றார் என்பது பெரிய செய்திதான். ஆனால் அந்தச் சீருடை இன்று நம்மிடம் எதையும் கேட்பதில்லை. போர் முடிந்துவிட்டது, போஸ் இல்லை. கும்பிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கான்பூர் மருத்துவமனையை அப்படிக் கும்பிட்டுவிட்டுப் போக முடியாது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு அவர் வைத்தியம் பார்த்தார் என்றால், இன்று நம் தெருக்கோடியில் தார்ப்பாய் கட்டிக் குடியிருப்பவர்களை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி கூடவே வருகிறது. அதனால்தான் டாக்டரை மறந்துவிட்டு கேப்டனுக்கு மாலை போடுகிறோம்.

1984ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரா காந்தி கொல்லப்பட்டதும் சீக்கியர்களைத் தேடி அடிக்கும் கும்பல்கள் கான்பூரிலும் கிளம்பின. எழுபது வயதான லட்சுமி தெருவில் இறங்கி அந்தக் கும்பலுக்கு எதிரே நின்றார். அவர் மருத்துவமனையைச் சுற்றியிருந்த நெரிசலான பகுதியில் சீக்கியர் மீதோ அவர்கள் கடைகள் மீதோ கைவைக்க விடவில்லை. கையில் ஆயுதம் கிடையாது. அந்தத் தெருவில் பலருக்குப் பிரசவம் பார்த்த முகம் அது. அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்பு. அடுத்த மாதமே போபாலில் விஷவாயு. மருத்துவக் குழுவோடு அங்கே போனார். போனதோடு நிற்கவில்லை, கர்ப்பிணிகளுக்கு அந்த வாயு நாள்பட என்ன செய்தது என்று பல ஆண்டுகள் கழித்து அறிக்கையும் எழுதினார்.

இதையெல்லாம் கேட்டதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: ‘அவங்க தெய்வப் பிறவி, நமக்கெல்லாம் வருமா?’ கேட்கப் பாராட்டுப் போல இருக்கும். உண்மையில் நம்மை நாமே விடுவித்துக்கொள்ளும் தந்திரம் இது. ஒருவரைப் பிறப்பிலேயே உயர்ந்தவர் ஆக்கிவிட்டால், அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் காணாமல் போகிறது. லட்சுமி பிறந்த இடம் வசதியானது, சாதி உயர்ந்தது. சிறுமியாக இருந்தபோது கேரளத்தில் பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில், நிழல் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்து வந்தார். பாட்டிக்குக் கடும் கோபம். அந்தக் கையை அவரே போய்ப் பிடித்தார். எந்தத் தெய்வமும் பிடித்துக் கொடுக்கவில்லை. அதே நாட்களில் அதே மாதிரி வீடுகளில் பிறந்த ஆயிரம் பிள்ளைகள் கையை நீட்டாமல் வளர்ந்தார்கள்.

புண்ணியக் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடுத்த பிறவிக்கோ மோட்சத்துக்கோ என்று செய்யும் தொண்டு, வட்டிக்குப் போட்ட பணம். வாங்குகிறவருக்குச் சோறு கிடைக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கொடுக்கிறவரின் கண் அவர் மேல் இல்லை, தன் லாபத்தின் மேல் இருக்கிறது. லட்சுமி 1971இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். 2002இல், 87 வயதில், குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். தோற்பது நிச்சயம் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 1,07,366, கலாமுக்கு 9,22,884. போட்டியில்லாமல் விட்டுவிடக்கூடாது என்பதற்காக நின்றார், தோற்றார், கான்பூருக்குத் திரும்பி நோயாளிகளைப் பார்த்தார். இம்மையிலும் மறுமையிலும் இதற்கு என்ன லாபம்?

இறந்த பின் அவருடைய உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. கண்களும் தானமாகப் போயின. எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. மருத்துவம் படிக்க வந்த பிள்ளைகள் அந்த உடலில் நரம்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று கற்றுக்கொள்வார்கள். 1930களில் சென்னையில் பெயர் தெரியாத யாரோ ஒருவருடைய உடலில் அவரும் அப்படித்தான் படித்திருப்பார்.

அவரை நினைக்க விரும்புகிறவர்கள் படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டாம். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குப் போய் உடல்தான விருப்பப் படிவம் கேளுங்கள். கண்களை இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடலைப் பொதுவாக ஏற்பதில்லை. ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. உடலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் உங்கள் பிள்ளைகள். அன்றைக்கு வாசலில் நிற்கும் பெரியப்பா ஒருவர் ‘கொள்ளி வைக்காம எப்படிப்பா?’ என்று கேட்பார். பந்தல் போட்டாகிவிட்டது, மேளம் வந்தாகிவிட்டது, ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவரிடம் அப்போது உங்களால் பேச முடியாது, இன்றைக்கு முடியும்.