நீரை அளப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

நீரின் தரத்தை ஆராயும் அமைப்பு எதுவாயினும் கடைசியில் அது ஊருக்குத் தருவது ஒரு சொல்லைத்தான்: இந்த நீரைக் குடிக்கலாம், இதில் மீன் வாழாது, இந்தக் கழிவில் நஞ்சு வரம்பைத் தாண்டிவிட்டது. அந்தச் சொல்லை மக்கள் நம்பினால்தான் அமைப்புக்கு வேலை உண்டு. அதனால் அதன் ஆட்சிக்குழுவில் யார் உட்காருவது என்ற விவாதம், யாருடைய சொல் பிரமாணமாகும் என்ற பழைய தரிசன விவாதத்தின் மறுவடிவம்தான். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரத்தில் இது பல ஆண்டுகளாக நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மலையோரத்து விவாதம் கடலோர நீரையும் தொடுகிறது; இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஆற்றின் வழியானது. ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆழியாறு சித்தூர்ப்புழையில் கலக்கிறது. அது பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடலடைகிறது. இடுக்கியின் மேட்டிலிருந்து வரும் பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடி, ஏலூர், எடையார் தொழிற்பேட்டைகளைத் தாண்டிக் கொச்சிக் காயலைத் தொடுகிறது. மேலே கன அடிக்கணக்கில் சண்டை நடக்கிறது, கீழே ஆக்சிஜன், அம்மோனியா கணக்கில். கடலோர நீரை ஆராயும் அமைப்பு முகத்துவாரத்தோடு நின்றுவிட்டால் பாதி ஆற்றைத்தான் ஆராய்ந்ததாகும்.

அந்தப் பழைய விவாதத்தில், காட்சி, அனுமானம் ஆகியவற்றோடு நம்பத்தக்கவர் சொல்லையும் ஓர் அளவையாக, அதாவது பிரமாணமாக, இந்தியத் தத்துவ மரபுகள் பலவும் ஏற்றன. மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகளிடம் கேள்வி கேட்டுச் செல்லும் நாயகிக்கு அளவைவாதி இவற்றை எண்ணிச் சொல்கிறான். (அந்த வஞ்சி கரூர் என்பாரும் உண்டு, பெரியாற்று முகத்துவாரத்தை ஒட்டிய கொடுங்கல்லூர் என்பாரும் உண்டு.) ஆனால் நம்பத்தக்கவர் யார் என்பதில் மரபுகள் பிரிந்து நின்றன. நியாய சூத்திர உரையில் வாத்ஸ்யாயனர் கேட்பது குறைவு: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். சமணர் கேட்டது அதிகம். ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், பற்றும் வெறுப்பும் அற்றவனாக இருக்க வேண்டும். சமந்தபத்திரரின் ஆப்தமீமாம்சை இந்த ஒரு கேள்விக்காகவே எழுந்த நூல். மீமாம்சகர் ஆளையே விலக்கினர். சொல்பவர் இல்லாத சொல்லில் சொல்பவரின் குற்றம் எப்படி இருக்கும் என்பது அவர்கள் வாதம். வேதம் யாராலும் இயற்றப்படாதது என்பதை அதற்குத்தான் அத்தனை பாடுபட்டு நிறுவினர்.

பாலக்காடு நகரின் ஜைனிமேட்டில் சமணத் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபருக்குக் கட்டிய பழைய கருங்கல் கோயில் இன்றும் இருக்கிறது. பற்றற்றவரின் சொல்லே சான்று என்ற மரபுக்குச் சாட்சியாக அது நிற்கும் அதே மாவட்டத்தில்தான் பிளாச்சிமடாவும் இருக்கிறது. அங்கே பற்றற்ற சாட்சி ஒருவரும் கிடைக்கவில்லை.

சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியிலுள்ள பிளாச்சிமடாவில் ஹிந்துஸ்தான் கோகோ கோலா ஆலை 2000இல் இயங்கத் தொடங்கியது. 2002 ஏப்ரல் 22 அன்று வாயிலில் பந்தல் போட்டுப் போராட்டம் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். மயிலம்மா அவர்களின் முகமானார். அவர்கள் சொன்ன குறை அடுப்படிக் குறை: கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை, சோறு சீக்கிரம் கெடுகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடினநீரில் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டின் இறுகிவிடும், எவ்வளவு கொதித்தாலும் குழையாது என்பது வேதியியல். அந்தப் பெண்கள் பொருளை நேரில் அறிந்தவர்கள், அறிந்தபடியே சொன்னவர்கள். வாத்ஸ்யாயனரின் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறிய பிறகும் அவர்கள் சொல் புகாராகத்தான் பதிவானது. சான்றாவதற்குப் பிற நிறுவனங்களின் முத்திரை தேவைப்பட்டது.

முத்திரைகளோ ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆலையிலிருந்து உழவர்களுக்கு உரமாகக் கொடுக்கப்பட்ட கசடில் ஈயமும் காட்மியமும் இருப்பதாக 2003 ஜூலையில் பிபிசி வானொலி சொன்னது; மாதிரியைச் சோதித்தது இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம். ஆகஸ்டில் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் காட்மியம் வரம்பை மீறியிருப்பதாக அறிவித்தது, மறுசோதனைக்குப் பின் வரம்புக்குள் இருப்பதாகத் திருத்திக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 16இல், ஆலை நிலத்தடி நீர் எடுப்பது குறித்த வழக்கில், கேரள உயர்நீதிமன்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையத்தின் தலைமையில் நடந்த ஆய்வைக் கொண்டு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அந்த ஆய்வு விடை தேடியது எவ்வளவு எடுத்தால் நிலம் தாங்கும் என்பதற்கு. குடத்தோடு நின்றவர்கள் கேட்டது எடுத்தபின் மிஞ்சும் நீர் எப்படி இருக்கும் என்று. கேள்வியை வகுத்தவர் யாரோ, பாதி விடையும் அவருடையதே. ஆய்வமைப்பின் ஆட்சிக்குழுவுக்கு உள்ள அதிகாரங்களில் பெரியது இதுதான், ஆனால் விதிப்புத்தகத்தில் இதற்குத் தனித் தலைப்பு இருப்பதில்லை.

ஆலை 2004 மார்ச்சிலேயே மூடப்பட்டது. 2010இல் மாநில அரசு அமைத்த உயர்நிலைக்குழு ஆலையால் நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத்தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை.

மனிதர்கள் இப்படித் தடுமாறும்போது மீமாம்சகரின் பழைய ஆசை புதுவேடத்தில் வருகிறது: ஆளே இல்லாத சான்று. மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் தானியங்கிக் கண்காணிப்புக் கருவி பொருத்த மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. கருவிக்குப் பற்றில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் குழாயின் எந்த இடத்தில் பொருத்துவது, யார் அளவுதிருத்தம் செய்வது, எதை அளக்காமல் விடுவது என்று முடிவெடுப்பவர்களுக்குப் பற்று உண்டு. யாரும் இயற்றாத வேதத்துக்கும் உரைகாரர் தேவைப்பட்டதுபோல, யாரும் பேசாத எண்ணுக்கும் ஒருவர் பொருள் சொல்லியே ஆகவேண்டும்.

2024 மே 20 இரவு ஏலூர், எடையார் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டம்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் முதலீட்டையே இழந்தனர். ஆற்றின் குறுக்கே உள்ள பாதாளம் ரெகுலேட்டரின் ஷட்டரைத் திறந்ததும் தேங்கியிருந்த நீர் பாய்ந்து ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது மாநில வாரியம். கேரள மீன்வள, கடல்சார் ஆய்வுப் பல்கலைக்கழகம் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. வேதியியல்படி இவை பகைக் கூற்றுகள் அல்ல. ஆக்சிஜன் தீர்ந்த அடிச்சேற்றில்தான் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது, அம்மோனியாவும் சேர்கிறது. ஷட்டர் திறந்தால் எல்லாம் சேர்ந்தே கீழிறங்கும். ஒரு பார்வை மற்றதை மறுக்காதவரை நயம், மறுத்தால் துர்நயம் என்பார்கள் சமணர். ஆனால் இழப்பீடு என்று வரும்போது இந்தப் பெருந்தன்மை போதாது. முதல் கூற்றில் குற்றம் ஷட்டரைத் திறந்த கையை நோக்கிப் போகிறது, இரண்டாவதில் அந்த நீரில் எதையோ விட்டவரை நோக்கி.

ஆற்றங்கரையில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பற்று எங்கே நுழைகிறது என்பதும் தெரியும். 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி புகாமல் ஆற்றுநீரை நிரப்புகிறார்கள். மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்து மூடிக் கவிழ்த்து ஆட்டினால் ஆக்சிஜன் உள்ள நீரில் பழுப்பாகப் படிவு இறங்கும். துளியும் இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நிற்கும். இதைக் கரையிலேயே செய்துவிட வேண்டும், ஆய்வகத்துக்குப் போகும்வரை ஆக்சிஜன் காத்திருக்காது. மீன்வளத்துக்கு ஏற்ற நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வகைப்பாடு. பாசி மிகுந்த நீரில் பகலெல்லாம் ஒளிச்சேர்க்கை நடப்பதால் பிற்பகலில் அளவு உயர்ந்திருக்கும், விடியுமுன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். அலுவலக நேரத்தில் மட்டும் புட்டி நிரப்பும் அமைப்பு ஒரு பொய்யும் சொல்லாமலே ஆற்றை நலமாகக் காட்டிவிட முடியும். நேரில் அறிதல் என்ற நிபந்தனை அறிகிற நேரத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

சட்டம் இதில் ஒருபக்கம் நுணுக்கமானது. 1974ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி கழிவுநீர் மாதிரி எடுக்கும் இடத்திலேயே ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வு முடிவு வழக்கில் செல்லாது. குற்றம்சாட்டப்படக் கூடியவரின் கையெழுத்தையே சான்றின் ஒரு பகுதியாக்கியது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த நீரைக் குடிப்பவருக்கு அங்கே புட்டியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

பற்றற்றவர் கிடைக்காத இடத்தில் எதிரெதிர்ப் பற்றுள்ளவர்களை ஒரே அளவுகோலின் முன் உட்கார வைப்பது இன்னொரு வழி. எல்லையோரத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது. தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி 1958 நவம்பரிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டும். இரு மாநிலப் பொறியாளர்களும் உள்ள கூட்டு வாரியம் கணக்கைப் பார்க்கிறது. வந்த நீர் போதவில்லை என்று சித்தூர் உழவர்கள் சாலைக்கு வருவதுண்டு. ஆனால் சண்டையைப் பேச இருதரப்புக்கும் பொதுவான ஓர் அளவிடம் இருக்கிறது. முல்லைப்பெரியாறு அணைக்கு உச்சநீதிமன்றம் 2014இல் அமைத்த கண்காணிப்புக் குழுவும் இதே வார்ப்பில்தான் இருந்தது: தலைவர் மத்திய நீர் ஆணையத்தவர், மாநிலத்துக்கு ஒருவர், 2022இல் மாநிலத்துக்கு ஒரு தொழில்நுட்ப வல்லுநரும் சேர்க்கப்பட்டார். மணக்கடவில் எண்ணப்படுவது நீரின் அளவு, முல்லைப்பெரியாற்றில் அணையின் உறுதி. நீரின் தரத்துக்கு இப்படிப்பட்ட கூட்டு மேசை எல்லையில் இல்லை.

தரத்துக்கான மேசைக்குக் கலிபோர்னியாவில் முன்மாதிரி உண்டு. தெற்குக் கலிபோர்னியக் கடலோர நீராய்வுத் திட்டம் 1969இல் தொடங்கியது. கழிவுநீரையோ மழைவடிநீரையோ கடலில் விடும் அமைப்புகளும் அவற்றுக்கு உரிமம் தரும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் உட்படப் பதினான்கு உறுப்பு நிறுவனங்கள் அதன் ஆட்சிக்குழுவில் இருக்கின்றன. சமண இலக்கணப்படி இதில் யாருமே ஆப்தர் அல்லர். ஆனால் முடிவு வெளிவருமுன் முறையை எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்வதால், முடிவு கசந்தவர் முறையைக் குறை சொல்வது கடினமாகிறது. வாத்ஸ்யாயனரின் இரண்டாவது நிபந்தனையான சொல்லும் விருப்பத்தை ஒருவரின் குணமாக எதிர்பார்க்காமல் ஒருவரையொருவர் கவனிக்கும் ஏற்பாட்டிலிருந்து பெறும் வழி இது. இதன் குறையும் வெளிப்படை: மேசையில் இருப்பவை எல்லாம் அரசுசார்ந்த அமைப்புகள். விடுபவரும் கட்டுப்படுத்துபவரும் ஒத்துப்போய்விட்டால் மூன்றாமவருக்காகப் பேச ஆளில்லை.

இந்தியச் சட்டத்தில் அந்த மூன்றாமவருக்கு இடம் உண்டு, நெரிசலோடு. மாநில வாரியத்தில் உழவு, மீன்பிடிப்பு, தொழில், வணிகம் என எல்லா நலன்களுக்கும் சேர்த்து அரசு சாராதவர் மூவருக்கு மேல் கூடாது என்கிறது நீர்ச்சட்டத்தின் 4ஆம் பிரிவு. அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களின் சார்பில் மட்டும் இருவர். தலைவரை நியமிப்பது மாநில அரசு. நியமனங்களில் தகுதி பார்க்கப்படவில்லை என்ற வழக்கில் 2017 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிமுறை வகுக்க வேண்டும் என்றது. அறிவுள்ள தலைவரைத் தேட அது உதவும். யாருக்கும் கட்டுப்படாத தலைவரை விதிமுறையால் உண்டாக்க முடியாது.

சமய மரபு தரும் மற்றொரு விடை ஆற்றையே ஒரு தரப்பாக்குவது. கோயில் மூர்த்தி சட்டத்தின் பார்வையில் வயது வராத உரிமையாளர், அறங்காவலர் அதன் சொத்தில் ஆதாயம் காண முடியாது. அதே தருக்கத்தில் 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்கள் என்றது, ஜூலையில் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. காப்பாளராகப் பெயரிடப்பட்டவர்கள் அரசு அதிகாரிகள் என்பதால் கேள்வி சுற்றி மறுபடி அரசிடமே வந்தது. பெரியாற்றையும் பாரதப்புழையையும் நபர் என்று அறிவிப்பதைவிட எளிய மாற்றம் ஒன்று உண்டு. 21ஆம் பிரிவின் இரண்டு புட்டிகளோடு மூன்றாவதாக ஒரு புட்டியை நிரப்பி, எடுத்த மணியையும் இடத்தையும் அதன்மேல் எழுதி, கீழ்க்கரை ஊராட்சியின் கையெழுத்தோடு அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவையும் அந்த ஆய்வகத்தின் தகுதியையும் யார் முடிவு செய்வது என்பதில் ஆட்சிக்குழுவின் சண்டை மறுபடி தொடங்கும். ஆனால் அப்போது மேசையில் ஒரு தரப்பு கூடியிருக்கும்.