வேலியில்லாத ஆறு

"வேலி எங்கப்பா?"

சிங்கப்பூரில் பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்கு அம்மாவைக் கூட்டிப்போன அன்று அவள் கேட்ட முதல் கேள்வி இது. என் மகள் அதற்குள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. அம்மா பின்னாலேயே ஓடினாள், முட்டி வலியோடு.

வேலி கிடையாது. பூங்காவுக்குள் கல்லாங் ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் அது 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டில் போன கான்கிரீட் கால்வாய். அந்தக் கான்கிரீட்டை உடைத்தெடுத்து, 3 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக மாற்றி, 2012இல் பூங்காவைத் திறந்தார்கள். உடைத்த துண்டுகளை வைத்து ஒரு சின்னக் குன்றுகூடக் கட்டியிருக்கிறார்கள். பிறகு நீர்நாய்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. பெருமழையில் ஆறு சுமார் 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். அதற்காகவே கரையைச் சரிவான புல்வெளியாக விட்டிருக்கிறார்கள். மட்டம் ஏறினால் சென்சார் அறியும், விளக்கு மின்னும், சைரன் அலறும். மேலே ஏறிவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் அம்மாவுக்கு உற்சாகமாக விளக்கினேன். என் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். சர்வர் எப்போது எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று எல்லை குறிப்பது. எல்லையைக் குறைத்து வைத்தால் ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் போன் அலறும். பத்து நாளில் எல்லோரும் அதை மியூட் செய்துவிடுவார்கள். அளவுக்கு மீறிய பாதுகாப்பு மனிதர்களைக் கவனமற்றவர்களாக்குகிறது என்பது என் கட்சி. வேலி போட்டுவிட்டால் யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. வேலியில்லாத ஆற்றின் ஓரத்தில் வளரும் குழந்தைதான் தண்ணீரை மதிக்கக் கற்கும். நண்பர்களிடம் பலமுறை பேசி ஜெயித்த வாதம்.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க கண்மாய்க்கும்தான் வேலி இல்ல."

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

புதுக்கோட்டைப் பக்கம் அவள் ஊர்க் கண்மாயில், செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளத்தில் அவளுடைய தம்பி மூழ்கிப் போனான். ஒன்பது வயது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நான் பார்த்தேயிராத அந்த மாமாவால்தான் எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

அவன் எதைக் கற்றுக்கொண்டான்? கற்பதற்கு முன் இறந்துபோனவர்களை என் வாதம் கணக்கில் எடுக்கவில்லை. பிழைத்தவர்கள் மட்டும்தான் "விழுந்து எழுந்துதான் கத்துக்கிட்டேன்" என்று சொல்ல முடியும்.

அன்று முழுக்க அந்த வாக்கியம் என்னைக் குடைந்தது. இரண்டு இடத்திலும் வேலி இல்லை. ஆனால் இங்கே வேலிக்குப் பதிலாகச் சரிவைக் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள், சென்சாரைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சுதந்திரம் என்று கொண்டாடியது பல பேர் எனக்காகக் கவலைப்பட்டு முடித்த பிறகு மிஞ்சுவது. கண்மாயில் இல்லாமல்போனது வேலி மட்டுமல்ல, அந்தக் கவலையும். மண்ணை வெட்டியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். பள்ளம் யாருடையதும் இல்லை. நம் நகரங்களில் மூடியில்லாத மழைநீர் வடிகாலும் அப்படித்தான். அங்கே போய் "குழந்தை தானாகக் கற்கட்டும்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது. வரவும் கூடாது.

அப்படியென்றால் என் மகளை ஆற்றிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டுமா? அதற்கும் மனசு வரவில்லை. நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறேன், அவளோடு நானும். முப்பத்தாறு வயதில், கழுத்தளவுத் தண்ணீரில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்பது பெரிய அவமானம்.

ஆற்றைக் கடக்க அங்கே கற்கள் போட்டிருக்கிறார்கள். கிளம்பும் நேரத்தில் மகள் "அப்பத்தா வா!" என்று அதன்மேல் ஏறிவிட்டாள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் கவுனின் நுனியைப் பிடித்தபடி மூன்றாவது கல் வரை போனாள். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

தெரியவில்லை என்றேன். கரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்துவரச் சொன்னாள். அதை வாங்கித் தண்ணீருக்குள் விட்டு, தரை தட்டும் வரை மெல்ல மெல்ல இறக்கினாள்.