முளையைக் கிள்ளலாமா?

நன்னாரி சர்பத்தில் வழவழவென்று ஊறி மிதக்கும் சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். அதையே ஈரமான தேங்காய்நார்த் தூள் பரப்பிய தட்டில் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பச்சைப்பயறுபோல முன்கூட்டி ஊறவைக்கக் கூடாது. தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். மேலே மண் போட்டு மூடவும் வேண்டாம், தெளிப்பானால் ஈரம் காத்தால் போதும். கடுகும் முள்ளங்கியும் பத்து நாளில் தயாராகிவிட, இது மட்டும் ஆடி அசைந்து இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. வித்திலைகள் விரிந்து, முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில் கத்தரிக்கோல் வருகிறது. மைக்ரோகிரீன்ஸ் தயார்.

முட்டைகூட வாங்காத வீடுகளின் பால்கனிகளில் இந்தத் தட்டுகள் நிறையத் தென்படுகின்றன. அங்கேதான் ஒரு பழைய கேள்வி புதிதாக முளைக்கிறது. வளர்ந்த செடியில் நாலு இலை பறித்தால் செடி பிழைத்திருக்கும். வித்திலைக்குக் கீழே வெட்டிய முளையில் மறுபடி துளிர்க்கக் கணுவே இல்லை. ஒரு கிராம் சப்ஜாவில் சுமார் 600 விதைகள். அப்படியானால் ஒரு தட்டு அறுவடை என்பது நூற்றுக்கணக்கான செடிகளின் முழு ஆயுள். இது கொலையில் சேருமா?

செடிதானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். இந்த நாட்டின் சிந்தனை மரபுகள் அப்படிப் போகவில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வைக்கிறது. சமணர்களுக்கும் தாவரம் தொடுபுலன் மட்டும் கொண்ட உயிர்தான். அதோடு அவர்கள் நிற்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் பிராகிருதத்தில் எழுதிய ‘கோம்மடசாரம்’, ஒரே உடலை எண்ணற்ற உயிர்கள் பங்கிட்டு வாழும் தாவரங்களை எப்படி இனம் காண்பது என்று அடையாளம் சொல்கிறது. நரம்பும் கணுவும் வெளியே தெரியாது; முறித்தால் நார் இல்லாமல் சீராக முறியும். சப்ஜா முளை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த வரையறை எவ்வளவு கூர்மையான கண்ணிலிருந்து வந்தது என்பது விளங்கும். ஆசாரமான சமண வீடுகள் கிழங்கோடு முளைகட்டிய பயறையும் விலக்குவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் வேறு வழியில் வருகிறார். தாவரமும் உயிர் என்றால் மரக்கறி உணவு மட்டும் எப்படிக் கொலையற்றதாகும் என்ற கேள்வியை அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ தானே எழுப்பிக்கொள்கிறது. விதை சடம் என்பது அவர் வாதம். அதில் உயிர் இருந்தால் மண்ணில் விழுமுன்பே முளைத்திருக்க வேண்டாமா என்கிறார். நிலத்தில் நீர் சேரும்போதுதான் உயிர் வந்து கலக்கிறது. விதை, காய், கனி, பூ, தழை ஆகியவற்றை எடுப்பது நகமும் முடியும் களைவதைப் போன்றது. இந்த வழியே யோசித்தால் சர்பத்துக்கு அனுமதி உண்டு, தட்டுக்குத்தான் சிக்கல். முளை என்பது உயிர் குடியேறிவிட்ட இடம். சமண முனிவரோ சர்பத்துக்கும் தலையசைக்க மாட்டார். முளைக்கும் திறனுள்ள விதையே அவருக்கு உயிருள்ள பொருள்.

பௌத்தத் துறவியருக்கான விதித்தொகுப்பான விநயம் கேள்வியை இன்னொரு பக்கம் திருப்பிவிட்டது. பிக்கு தாவரத்தைச் சேதப்படுத்தக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. முளைக்கக்கூடிய விதையுள்ள பழத்தை, உடனிருக்கும் இல்லறத்தார் கத்தியாலோ நகத்தாலோ கீறி, அல்லது நெருப்புக் காட்டி, ‘தகுந்தது’ என்று சொன்ன பிறகே பிக்கு உண்ணலாம். தாய்லாந்தின் காட்டு மடங்களில் இன்றும் இது நடக்கிறது. சமண முனிவரும் சமைப்பதில்லை. சமைப்பது இல்லறத்தார் பாடு. மேற்கே பண்டைய மானிகேய சமயத்திலும் உயர்நிலைத் துறவிகள் பழம் பறிக்க மாட்டார்கள், அடியார்கள் பறித்துவந்து கொடுப்பார்கள். இளமையில் அந்தச் சமயத்தில் அடியாராக இருந்த கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீன் பிற்பாடு இதைக் கேலி செய்து தீர்த்தார். கேலியில் நியாயம் இருக்கிறது. உண்ணும் வாயும் வெட்டும் கையும் வேறு வேறு ஆளுடையதாக இருக்கும்வரை கேள்வியின் கூர்மை மழுங்கியே கிடக்கும். சந்தையில் கீரைக்கட்டு வாங்குபவரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

பால்கனித் தட்டு அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. விதைத்தவர், நீர் தெளித்தவர், வெட்டுகிறவர், தின்கிறவர் எல்லாம் ஒருவரே.

இந்த விவாதம் சூடு பிடித்தால், செடிக்கும் வலிக்கும் என்று சொல்ல யாராவது விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸை இழுத்துவருவார்கள். அவருடைய கிரெஸ்கோகிராஃப் தாவர வளர்ச்சியின் நுண்ணிய அசைவுகளைப் பெரிதாக்கிக் காட்டிய கருவி. செடி தூண்டலுக்கு எதிர்வினை காட்டுகிறது என்பது வேறு, வலிக்கிறது என்பது வேறு. நரம்பு மண்டலம் இல்லாத முளைக்கு வலி உண்டென்று நிரூபணம் ஏதும் இல்லை. எனவே வலியை மட்டும் வைத்துப் பார்த்தால் கத்தரிக்கோலுக்குத் தடையில்லை.

வலியை மட்டும் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? திருநீற்றுப்பச்சிலையின் நெருங்கிய உறவான துளசியை வைணவ வீடுகளில் துவாதசியன்று பறிப்பதில்லை, இரவில் தொடுவதில்லை, பறிக்கும்போதும் வணங்கி அனுமதி கேட்டே பறிக்கிறார்கள். துளசிக்கு வலிக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கை எங்கே நிற்க வேண்டும் என்று இந்த வழக்கம் பழக்குகிறது. மூன்று மரபுகளின் நுணுக்கத்தைவிட இந்த எளிய ஒழுங்கே சமையலறைக்குப் பொருந்துகிறது.

மைக்ரோகிரீன்ஸை விட்டொழிக்கச் சொல்வது வீண் கடுமை. அடுத்த தட்டில் கத்தரிக்கோல் வைக்குமுன் பத்துப் பதினைந்து நாற்றையாவது தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். வளர்ந்ததும் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் அந்த இடத்தில் இரண்டு கிளை வரும். பூ விடாமல் பார்த்துக்கொண்டால் அதே செடி மாதக்கணக்கில் இலை தரும்.