மீண்டு வந்தவை கூறும் சாட்சியம்

ஓர் ஆபத்திலிருந்து ஒருமுறை தப்பியவர், மறுமுறையும் தப்புவோம் என நம்பிவிடலாமா? பிறர் உயிரையும் சுமந்து செல்பவருக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகிறது.

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில், காவிரியின் சுழல்களுக்கும் பாறைகளுக்கும் இடையே பரிசல்கள் மக்களை ஏற்றிச் செல்கின்றன. மூங்கிலால் பின்னி, அடியில் தார் பூசிய பரிசல் நேற்றுப் பத்திரமாகக் கரை சேர்ந்தது என்பது இன்றைய பயணத்திற்குச் சான்றாகாது. பாறை உரசிய இடம், பரிசலைக் கவிழ்த்துப் பார்ப்பவர் கண்ணுக்கே புலப்படும்.

விண்வெளி இயல் இவ்வுண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அமெரிக்க விண்ணோடத்தின் பூஸ்டர் எனப்படும் துணை ராக்கெட்டுகள் இரண்டும், புறப்பட்ட இரண்டு நிமிடங்களில் கழன்று, பாராசூட்டுகளின் துணையோடு அட்லாண்டிக் கடலில் விழும். மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் நீரில் மோதுவதை அவற்றின் எஃகு உறைகள் தாங்குமா என்று 1970களிலேயே சிறு மாதிரிகளை நீரில் விழச் செய்து சோதித்தனர். பின்னர்க் கப்பல்கள் இழுத்து வந்த உறைகளைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தினர்.

அவ்வாறு மீண்ட உறைகள் செலவை மிச்சப்படுத்தியதோடு ஒரு செய்தியையும் கொணர்ந்தன. உறைகளின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் அரிக்கப்பட்டிருந்தது, 1981 நவம்பரில் நிகழ்ந்த இரண்டாம் பயணத்திலேயே தெரியவந்தது. 1985 ஜனவரிக் குளிரில் சென்று மீண்டவற்றிலோ, சூடான வாயு முதல் வளையத்தைக் கடந்த கரித்தடம் இருந்தது. பொறியாளர் ரோஜர் பாய்ஜொலி முதலியோர் எச்சரித்தனர். இதுவரை ஒன்றும் நேரவில்லையே என்ற எண்ணமே வென்றது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் 73 வினாடிகளில் சிதறியது. ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட எழுவர் மாண்டனர்.

கடலின் மோதலைத் தாங்கிய எஃகின்மீது குற்றமில்லை. அது தன் காயத்தை மறைக்கவுமில்லை. காயத்தைக் கண்டும், திரும்பி வந்ததையே நலத்தின் சான்றாகக் கொண்டதில்தான் பிழை இருந்தது.

நம் நாட்டில் 2023 அக்டோபர் 21 அன்று நடந்த ககன்யான் சோதனையில், ஆளில்லாக் கலமொன்று வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதை மீட்டனர். சோதனை வெற்றியே. ஆயினும் கலம் நீரில் தலைகீழாக மிதந்ததை இஸ்ரோ மறைக்காமல் சொன்னது. மனிதர் அமரப்போகும் கலத்தின் குறை, ஆளில்லாதபோதே அறியப்படுவது நற்பேறு அன்றோ!

தப்பி வந்த ஒவ்வொரு முறையும் நாம் நன்றி கூறுகிறோம். அந்நன்றி மெய்யாயின், மீண்டு வந்ததைக் கவிழ்த்துப் பார்க்கவும், அது காட்டும் காயத்திற்குச் செவிசாய்த்து அடுத்த பயணத்தை நிறுத்திவைக்கவும் நமக்குத் துணிவு வேண்டும்.