நாவின் தீர்ப்பும் விலையின் தீர்ப்பும்

சுவை என்னும் சொல்லை நாம் இரண்டு இடங்களில் வழங்குகிறோம். உணவுக்கும் சுவை உண்டு. கவிதைக்கும் சுவை உண்டு. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுங்கூட நாவின் உணர்வைக் குறிக்கும் சொல்லே கலையை மதிப்பிடும் ஆற்றலையும் குறிக்கிறது. இவ்வொற்றுமை தற்செயலானதன்று. ஒரு பொருள் நன்றா தீதா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா இவ்விரு துறைகளிலும் ஒரே வடிவில் எழுகின்றது. கற்றறிந்த சிலருக்கா? எல்லாருக்குமா? அன்றி, பொருளுக்கு விலை குறிப்பவனுக்கா? இலக்கியத்தில் இவ்வினாவை நாம் நெடுங்காலமாக வாதித்து வருகிறோம். அதே வினாவை, மேலைநாடுகளிற் சாதாரண மக்கள் இரவுணவோடு அருந்தும் மலிவான சிவப்பு வைனைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியைப் பற்றிய பேச்சு இங்கு எதற்கு என்று கேட்போர் இருப்பர். அவர்கள் கேட்பது நியாயமே. மதுவில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. எவரையும் அருந்தும்படி தூண்டுவது நமது கருத்தன்று. ஆயினும் விலையும் பெயரும் சான்றிதழும் மனிதனின் தீர்ப்பை எவ்வாறு கைப்பற்றிக்கொள்கின்றன என்பதை வைனைப்போல் வெளிப்படையாகக் காட்டும் பொருள் வேறொன்று எளிதிற் கிடைக்காது. அதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

பிரான்சில் வைன் நெடுங்காலம் ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. உழவனும் சுரங்கத் தொழிலாளியும் ரொட்டியோடு அதனைக் கொண்டனர். 1960 அளவில் அந்நாட்டில் ஆளொருவருக்கு ஆண்டொன்றில் நூறு லீற்றருக்கு மேல் செலவாயிற்று. இன்று அதிற் பாதியும் இல்லை. அன்று மக்கள் குடித்தது பெரும்பாலும் பெயரற்ற சிவப்பு வைனே. ஆயின் நூல்கள் எழுதப்பட்டது அவர்கள் குடித்த வைனைப் பற்றி அன்று; அவர்கள் வாழ்நாளிற் கண்டிராத சில தோட்டங்களின் வைனைப் பற்றியே.

அத்தோட்டங்களின் புகழ் எவ்வாறு நிலைநாட்டப்பட்டது? 1855 இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியை முன்னிட்டு, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், போர்தோ நகரத்துத் தரகர்கள் அப்பகுதியின் சிவப்பு வைன்களை ஐந்து வகுப்புக்களாகப் பிரித்தனர். அவர்கள் அளவுகோலாகக் கொண்டது பெரும்பாலும் சந்தையில் அவை பெற்றுவந்த விலையே. விலை உயர்ந்ததனால் முதல் வகுப்பு; முதல் வகுப்பானதனால் உயர்ந்த விலை. இந்த வட்டத்துக்குள் வெளியார் நுழைதல் அரிது. இன்றுவரை அப்பட்டியலில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்தப்பட்ட தோட்டம் ஒன்றே. மூத்தோன் ரோத்ஷீல்ட் என்னும் அத்தோட்டம் 1973 இல் முதல் வகுப்பை அடைந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணும் மனிதரும் மாறினர், பட்டியல் மாறவில்லை.

1976 மே 24 ஆம் நாள் பாரிசில் நடந்த ஒரு சோதனை இந்த நம்பிக்கையை அசைத்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய வணிகர், பெயர் மறைத்த கிண்ணங்களைப் பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மர் முன் வைத்தார். சிவப்பு வைன்களில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவில் 1973 ஆம் ஆண்டு அறுவடையிற் செய்யப்பட்ட ஒன்று. மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாமிடத்துக்குச் சென்றது. பெயர் தெரிந்திருந்தால் அதே நாவுகள் அதே தீர்ப்பை வழங்கியிருக்குமா என்பதே கேள்வி.

பின்னர் வந்த ஆய்வுகள் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கின. போர்தோ பல்கலைக்கழகத்தில் வைனியல் பயின்ற மாணவர் 54 பேரிடம், வாசனையற்ற சிவப்புச் சாயம் ஊட்டிய வெள்ளை வைன் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதன் மணத்தைச் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே வருணித்தனர். இவ்வாய்வு 2001 இல் வெளிவந்தது. 2008 இல் வெளிவந்த இன்னோர் ஆய்விலே, ஒரே வைனைப் பத்து டொலர் என்றும் தொண்ணூறு டொலர் என்றும் சொல்லி இருபது பேருக்கு வழங்கினர். தொண்ணூறு எனக் கேட்டபோது அவர்கள் அதனைக் கூடுதலாக விரும்பினர். அதுமட்டுமன்று, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியின் இயக்கமும் அப்போது மிகுந்தது. அவர்கள் பொய் கூறவில்லை என்பதே இதன் பொருள். விலை அவர்களது வாய்க்குள்ளேயே புகுந்துவிட்டது. அதே ஆண்டில் றொபேர்ட் ஹொட்ஜ்சன் என்பார் கலிபோர்னியாப் போட்டி ஒன்றின் நடுவர்களைப் பரிசோதித்தார். ஒரே போத்தலின் வைனை அவர்கள் அறியாவண்ணம் மும்முறை வைத்தபோது, தம் தீர்ப்பில் ஏறத்தாழ மாறாது நின்றவர் பத்தில் ஒருவரே.

இவற்றைக் கேட்டவுடன் மகிழ்ச்சியோடு ஒரு முடிவுக்கு வருவோர் பலர். நிபுணத்துவம் வெறும் ஏமாற்று. சுவை என்று ஒன்றில்லை. அவரவர்க்குப் பிடித்ததே அவரவர்க்கு நல்லது. கேட்பதற்கு இது சனநாயகம் போலத் தோன்றும். உண்மையில் இது பழைய அடிமைத்தனத்தின் மறுபக்கம். நிபுணர் சொன்னதை நம்புபவனும் தன் நாவைப் பயன்படுத்துவதில்லை. எனக்குப் பிடித்ததே நல்லது என்பவனும் அதனைப் பயிற்றுவதில்லை. இருவருக்காகவும் விற்பவனே தீர்மானிக்கிறான். முன்னவனுக்குப் புகழ்பெற்ற பெயரை விற்கிறான். பின்னவனுக்கு எது பிடிக்கவேண்டும் என்பதை விளம்பரத்தாற் கற்பித்து அதையே விற்கிறான்.

ஆய்வுகளும் அம்முடிவை ஆதரிக்கவில்லை. பெயரும் விலையும் மறைத்து நடத்திய ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சுவைப்புக்களைத் தொகுத்து 2008 இல் வெளியான ஆய்வு, பயிற்சியற்றோர் விலைகூடிய வைனைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்று காட்டியது. பயிற்சி பெற்றோரிடம் நிலைமை அவ்வாறு இல்லை. அவர்களிடம் விலைகூடியவற்றை விரும்பும் போக்கே சிறிது காணப்பட்டது. ஆகவே பயிற்சி ஏதோ ஒன்றைச் செய்கின்றது. நாவு எளிதில் ஏமாறக்கூடியது என்பது உண்மை; அதனால் அது குருடு என்றாகிவிடாது.

ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1757 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், டொன் கிஹோத்தே நாவலில் வரும் ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்த உறவினர் இருவரில் ஒருவர் அதில் தோலின் வாடை உண்டு என்றார்; மற்றவர் இரும்பின் வாடை உண்டு என்றார். இருந்தவர்கள் சிரித்தனர். பீப்பாயை வெறுமையாக்கியபோது அடியிலே தோல்வார் கோத்த இரும்புத் திறப்பு ஒன்று கிடந்தது. நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீடு, முற்கோளின்மை முதலியனவே நல்ல நடுவனை ஆக்குவன என்று ஹியூம் கண்டார். அத்தகையோர் மிகச் சிலரே என்றும் அவர் கருதினார். இங்கேதான் நாம் அவரிடமிருந்து வேறுபடவேண்டியுள்ளது. இவற்றில் எதுவும் பிறப்பால் வரும் சொத்தன்று. சிலருக்கே அவை வாய்த்தமைக்குக் காரணம், ஓய்வும் பொருளும் சிலருக்கே வாய்த்தமைதான்.

வைனைப் பொறுத்தவரை அவ்வாய்ப்பைச் சாதாரண மனிதனும் ஓரளவு தேடிக்கொள்ளலாம். தென்பிரான்சின் கோர்பியேர், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஸ்பெயின், சிலி முதலிய இடங்களிலிருந்து வரும் மலிவான சிவப்பு வைன்களில் ஒரே விலையுள்ள மூன்று போத்தல்களைத் தாளிற் சுற்றி, இன்னொருவரைக் கொண்டு இலக்கமிடச் செய்து ஒப்பிட்டால், பெயரின் அதிகாரம் ஒரு மாலைக்கேனும் நீங்கிவிடும். பார்க்கவேண்டியவையும் மறைபொருள்கள் அல்ல. முதலாவது புளிப்பு, அது வாயில் நீரூறச் செய்து, கொழுப்புள்ள உணவின் கனத்தைப் போக்கும். இரண்டாவது துவர்ப்பு, முந்திரிகையின் தோலிலும் விதையிலுமிருந்து வந்து முரசைப் பிடிப்பது. தமிழர் அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய இதனை, யாழ்ப்பாணத்தார் வாழைக்காயிற் கயர் என்று அறிவர். மூன்றாவது மதுவின் சூடு; வெப்பமான அறையில் வைத்த வைனில் இதுவே மேலோங்கி மற்றவற்றை அழித்துவிடும். பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வரையுள்ள குளிர்ச்சி போதியது. இம்மூன்றும் பழத்தின் சுவையோடு இசைந்து நிற்கின்றனவா என்பதே முதன்மையான கேள்வி.

மலிவான வைனிற் செய்யப்படும் உபாயங்களையும் பயின்ற நாவு கண்டுகொள்ளும். கரடுமுரடை மறைக்கச் சிறிது இனிப்பை விட்டுவைப்பர். மரப்பீப்பாயிற் பலமாதம் வைத்தது போன்ற மணத்தை உண்டாக்க ஓக் மரச் சீவல்களை ஊறவைப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் இதனை அனுமதித்தது. இத்தகைய வைன் முதல் வாயில் மயக்கும். மூன்றாம் வாயில் தெவிட்டும். போட்டி நடுவர் ஒரே நாளிற் பல கிண்ணங்களை வாயிலிட்டு உமிழ்பவர். அவரிடம் உரத்த குரலில் பேசும் வைன் எளிதில் வெல்லும். நாளாந்தம் உணவோடு அருந்துபவரோ ஒரு போத்தலோடு ஒரு மாலை முழுதும் பழகுகிறார். இரண்டாம் கிண்ணத்தையும் உணவையும் மறுநாள் எஞ்சியதையும் அவரே அறிவார். நிபுணரிடம் இல்லாத இச்சோதனை அவரிடம் உண்டு. நூற்றுக்கணக்கான கதைகளை விரைந்து புரட்டும் விமரிசகனுக்கும், ஒரு கதையை மனத்திற் சுமந்து திரியும் வாசகனுக்கும் உள்ள வேறுபாடே இது.

ஆயின் அறிவு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். உணவுச்சாலைகளில் போத்தலைத் திறந்தவுடன் சிறிதளவு ஊற்றி வாடிக்கையாளரிடம் கொடுப்பது வழக்கம். தக்கையின் கேட்டினால் வைனில் ஈரமட்டையின் நாற்றம் ஏறியுள்ளதா என்று பார்ப்பதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. விலையுயர்ந்த போத்தலுக்கும் இக்கேடு வரும். எனினும் பெரும்பாலோர் எதனையும் உணராது தலையசைத்துவிடுகின்றனர். சிலர் உணர்ந்தும் தலையசைக்கின்றனர். தமக்குத் தெரியாது என்பது பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். பியர் பூர்தியூ என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1979 இல் வெளியிட்ட தமது பெருநூலில், சுவை என்பது வர்க்கங்கள் ஒன்றையொன்று விலக்கி நிறுத்தும் வேலியாகத் தொழிற்படுவதை விரிவாகக் காட்டினார். அந்த வேலி வெளியில் மட்டும் இல்லை. நம் வெட்கத்திலும் இருக்கின்றது. நாற்றமடிப்பதை நாறுகிறது என்று சொல்ல அஞ்சுபவன், வேறு பெரிய இடங்களிலும் தலையசைத்துப் பழகிவிடுவான்.

உயர்ந்த விலை நம் நாவை ஏமாற்றுகிறது என்றோம். குறைந்த விலையும் ஒன்றை மறைக்கின்றது. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது, அது எவ்வாறு மலிவாயிற்று என்று கேட்பதை விட்டுவிடுகிறோம். இதற்கு நாவு விடை சொல்லாது; வரலாறே சொல்லும்.

தென்பிரான்சின் லாங்கதோக் மாகாணமே அந்நாட்டுத் தொழிலாளருக்கு மலிவான வைன் வழங்கிய பெருநிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மிகையுற்பத்தியாலும், சர்க்கரை கலந்த போலி வைனாலும் விலை வீழ்ந்து, சிறு விவசாயிகளும் கூலிகளும் பட்டினியடைந்தனர். 1907 இல் ஆர்ஜெலியே என்னும் சிற்றூரிலிருந்து, மார்ஸலன் அல்பேர் என்னும் சிறு தோட்டக்காரரின் தலைமையில் 87 பேர் புறப்பட்டனர். சூன் 9 ஆம் நாள் மொன்பெலியே நகரிலே திரண்டோர் ஐந்து இலட்சத்துக்குக் குறையார் என மதிப்பிடப்படுகிறது. நார்பொன் நகரில் இராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. அம்மண்ணின் பிள்ளைகள் பெருமளவிற் சேர்ந்திருந்த பதினேழாம் காலாட்படை கலகஞ்செய்தது. அம்மாத இறுதியிலேயே கலப்படத்தை ஒடுக்கும் சட்டம் நிறைவேறியது. இன்று மலிவான போத்தலிலும் கலப்படமற்ற வைனை எதிர்பார்க்க முடிகிறதென்றால், அதிற் பெரும் பங்கு அவர்களுடையது.

அல்ஜீரியாவின் கதை இன்னும் கசப்பானது. 1830 முதல் 1962 வரை பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட அந்நாட்டில், குடியேறிகள் பரந்த நிலங்களில் முந்திரிகை நட்டனர். மதுவை மார்க்கம் விலக்கிய மக்கள், தமக்குத் தேவையான தானியம் விளையவேண்டிய மண்ணில், தாம் அருந்தாத வைனுக்காகக் கூலிகளாயினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வைன் ஏற்றுமதி செய்தது அல்ஜீரியாவே. அந்தக் கடுமையான செம்மது தென்பிரான்சின் நீர்த்த வைனோடு கலக்கப்பட்டுப் பாரிஸ் தொழிலாளியின் மேசையை அடைந்தது. ரோலான் பார்த் 1957 இல் வெளியிட்ட நூலில் இதனைச் சுட்டி, இப்பின்னணியை மறந்தால்தான் வைனைக் களங்கமற்ற இன்பம் எனக் கருதமுடியும் என்ற பொருள்பட எழுதினார். ஒரு நாட்டுத் தொழிலாளியின் மலிவான இன்பம் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் பசியில் விளைந்தது.

அப்படியாயின் அந்த வைன் சுவையற்றது என்று சொல்லவேண்டுமா? அது பொய்யாகும். சுவையானது, ஆகவே வேறெதனையும் கேட்கவேண்டியதில்லை என்பதோ அதனினும் பெரிய பொய். நம் முற்போக்கு விமரிசனத்திலும் இவ்விரு தவறுகளும் நிகழ்வதுண்டு. அரசவையிற் பாடப்பட்டதென்பதற்காக நல்ல கவிதையைக் கவிதையன்று என்பாரும் உளர். நல்ல கவிதை என்பதற்காக அது யார் சோற்றிற் பிறந்தது என்று கேட்பதே குற்றம் என்பாரும் உளர். நாவின் தீர்ப்பும் நீதியின் தீர்ப்பும் வெவ்வேறானவை. ஒன்றுக்காக மற்றதைத் திரிக்காது, இரண்டையும் தனித்தனியே நேர்மையாக வழங்குவதே நம் கடமை.

இவ்விரண்டையும் நமக்காகச் செய்துவிடுவதாக விலை வாக்களிக்கின்றது. உயர்ந்திருந்தால் நயம் என்கிறது. தாழ்ந்திருந்தால் கேளாதே என்கிறது. அவ்வாக்கை ஏற்க மறுப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பெயரை மறைத்துச் சுவைக்கும் பொறுமையும், கெட்டதைக் கெட்டதென்று சொல்லும் துணிவும், நல்லது எவர் உழைப்பில் வந்ததென்று கேட்கும் மனமும் போதும். இவை மூன்றும் உழைக்கும் மனிதனுக்கு எட்டாதவை அல்ல.